வெள்ளைக் குல்லா விழுந்தபோது

காலையிலிருந்தே சட்டைக்காரிக்கு வேலை ஓடவில்லை. குதிரைப் பந்தய மைதானத்தில் ஜாக்கிகளின் பட்டுச் சட்டைகளைத் துவைத்து, தேய்த்து, பந்தயத்துக்குப் பந்தயம் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. அதனால் அந்தப் பெயர். போன வருடம் குதிரையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட அவள் கணவன், இன்றைக்குத்தான் மறுபடி சவாரிக்கு இறங்குகிறான். "இன்னொரு அடி அந்தத் தலை தாங்காதும்மா" என்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார். போதாக்குறைக்கு அதே பந்தயத்தில் அவள் தம்பியும் ஓட்டுகிறான். இருவருக்கும் ஒரே முதலாளி.

முதலாளி சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர். தன் குதிரைகளை ஓட்டும் ஜாக்கிகளின் சட்டைக்கு நிறம் பதியப் போனபோது, "அழகு கெடக்கட்டும், அந்தக் கோடியில ஓடுனாலும் என் கண்ணுக்குத் தெரியணும்" என்று ஆரஞ்சுச் சட்டையில் நீலப் பட்டை என எழுதிக் கொடுத்துவிட்டார். பார்க்கிறவர்களுக்குக் கண் கூசினால் அவருக்கென்ன? ஒருவர் பதிந்த நிறத்தை இன்னொருவர் தொட முடியாது. அவருடைய இரண்டு குதிரைகள் ஒரே பந்தயத்தில் இறங்கினால், இரண்டு ஜாக்கிக்கும் அதே சட்டைதான். தலைக்கவசத்தின் மேல் மாட்டும் துணிக்குல்லாதான் ஆளைப் பிரித்துக் காட்டும். அவர் அதிகம் நம்பும் குதிரைக்கு நீலம், மற்றதற்கு வெள்ளை. அந்த நம்பிக்கையும் நிலையானதல்ல. அவருக்கு நேரத்துக்கொரு புத்தி.

நீலத்தைக் கணவனிடமும் வெள்ளையைத் தம்பியிடமும் அவளே கொடுத்தாள்.

"நீலத்தையே பாத்துக்கிட்டிரு. அது நிமிந்து நின்னா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம்," என்றான் கணவன்.

"பேச்சைப் பாரு. பத்திரமா வாங்க," என்றாள். சரியாக இருந்த சட்டைப் பொத்தானையே மறுபடி சரிசெய்தாள்.

அவர்கள் போன பிறகு, சேறு தெறித்த பழைய சட்டைகளை இயந்திரத்தில் போட்டு ஓடவிட்டாள். தம்பி மனைவி பக்கத்தில் நின்று ஈரச் சட்டைகளை உதறிக் கொடுத்தாள். கரப்பான் பூச்சியைக் கண்டால் கட்டில் மேல் ஏறுகிற பெண். பந்தயத்தன்று மட்டும் எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்துவிடும். இயந்திரம் போட்ட கடகடப்பில் வெளியே இடி விழுந்தாலும் இருவருக்கும் கேட்டிருக்காது.

"வாங்க அண்ணி, ஆரம்பிக்கப் போறாங்க."

இருவரும் வேலியோரம் போய் நின்றார்கள். குதிரைகள் கிளம்பின. தூரத்து வளைவில் புழுதிக்கு நடுவே ஆரஞ்சுப் புள்ளிகள் இரண்டும் அருகருகே தெரிந்தன. சட்டைக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நீலத்தையே பார்த்தாள். திடீரென்று ஒரு குதிரை முன்னங்கால் மடங்கிச் சரிந்தது. வெள்ளைக் குல்லா குளம்புகளுக்கு அடியில் போய்விட்டது. நீலம் நிமிர்ந்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பாடா."

மனசுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தாள். ஆனால் வாய்விட்டே வந்துவிட்டது. தம்பி மனைவி திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள். வேலிக்கு அடியில் குனிந்து நுழைந்து ஓடினாள்.

சட்டைக்காரிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அவன் விழுந்ததற்கா நிம்மதிப் பெருமூச்சு? அழுதுகொண்டே பின்னால் ஓடினாள்.

எதிரே ஜாக்கிகளுக்கு எடை பார்க்கும் குமாஸ்தா ஓடிவந்தார். தம்பி மனைவியை விலக்கிவிட்டு நேராக அவளிடம் வந்தார்.

"சீக்கிரம் வாங்கம்மா. உங்க வீட்டுக்காரருதான்."

"இல்லைங்க. அவரு நீலம். நான்தானே குடுத்தேன்."

"கடைசி நேரத்துல முதலாளி மாத்திட்டாரும்மா. உங்க வீட்டுக்காரர் குதிரைக்கு வேர்த்துக் கொட்டுச்சாம், அதும்மேல நம்பிக்கை போயிடுச்சு. குல்லாவை மாத்திக்கச் சொன்னாரு. ஒலிபெருக்கியில ரெண்டு தடவை சொன்னோமே."

அவளுக்குக் காது அடைத்தது. அந்த நிலையிலும் தம்பி மனைவியின் வாயைத்தான் பார்த்தாள். அந்தச் சொல் இப்போது அங்கிருந்து வரும். வந்தால் நியாயம்தான், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

தூரத்தில் நீலக் குல்லாவோடு தம்பி குதிரையைத் திருப்பி வந்துகொண்டிருந்தான். அவன் மனைவி அதைப் பார்த்தாள். நெஞ்சு ஒரு முறை ஏறி இறங்கியது. உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அண்ணனுக்கு மூச்சு இருக்கா?" என்று குமாஸ்தாவிடம் கேட்டாள்.

"இருக்கு. கண்ணைத்தான் தெறக்கல."

"வாங்க அண்ணி." மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். தன் கணவன் பக்கம் அதற்குமேல் அவள் திரும்பவில்லை.

புல்தரையில் சட்டைக்காரியின் கணவன் மல்லாந்து கிடந்தான். தலைக்கவசம் பிளந்திருந்தது. வெள்ளைக் குல்லா பக்கத்தில் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. சட்டைக்காரி அவன் கையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். எத்தனை தடவை கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

அவள் விரலை அவன் விரல்கள் மெல்லப் பற்றின. கண் திறந்தது.

"நீ பயந்துட்டியா?" என்று கேட்டான்.

"அப்பாடா," என்றாள் தம்பி மனைவி, அவளுக்குப் பின்னால் நின்று.

சட்டைக்காரி திரும்பி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.