பட்டை அடித்த கூரை

பனியின் மேல் மழை பெய்தால் கூரைகளின் மேல் பாரம் ஏறிக்கொண்டே போகும். எங்கள் யாம்த்லாந்து மாகாணத்தில் அந்த மார்ச் மாதம் ஒரு நாள் விடிந்ததிலிருந்து மழை. காபியை அப்படியே வைத்துவிட்டு தோர்கெலின் குதிரைப் பயிற்சிக் கூடத்துக்கு ஓடினேன். நடுவில் ஒரு தூண்கூட இல்லாத அந்த மரக்கூரையை வடிவமைத்தவள் நான்.

தோர்கெல் வாசலில் நின்றிருந்தான். உள்ளே மூன்றாவது விட்டம் நீளவாக்கில் பிளந்து முனகிக்கொண்டிருந்தது. ஏன் பிளந்தது என்று யோசிக்க நேரமில்லை. அதற்கு அப்பால், கூடத்தின் கடைசியில், அவன் மகள் இல்வா ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூரையிலிருந்து சரிந்த பனி அவளுக்குப் பின்னால் இருந்த கதவை அடைத்துவிட்டது. வெளியே வர அந்த விட்டத்தின் அடியில்தான் வரவேண்டும்.

"ஓடி வாடி!" என்று கத்தினான் தோர்கெல்.

"வராதே இல்வா!" என்றேன். "அங்கேயே நில்லு! விழுந்தா இது மட்டுந்தான் விழும். உன் தலைக்கு மேல இருக்கறது நிக்கும்!"

சும்மா சொல்லவில்லை. விட்டங்களுக்கு இடையே கிடக்கும் சட்டங்களை வேண்டுமென்றே லேசான ஆணிகளால்தான் பொருத்தச் சொல்லியிருந்தேன். ஒரு விட்டம் போனால் ஆணி பிய்த்துக்கொள்ளும். பக்கத்து விட்டத்தை இழுக்காது. தோர்கெலுக்கு அது பிடிக்கவே இல்லை. குன்வோர் பொம்மை வீட்டுக்கு ஆணி அடிக்கிறாள் என்று ஊரெல்லாம் என்னைக் கேலி செய்தவன்.

இப்போது அவன் முகம் வெளுத்திருந்தது.

"குன்வோர்... போன கோடையில நான் பட்டை அடிச்சுட்டேன்."

"என்ன பட்டை?"

"இரும்புப் பட்டை. எல்லாச் சட்டத்தையும் சேர்த்து, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும். பலமா இருக்கட்டும்னு..."

அவனைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. இனி ஒன்று விழுந்தால் எல்லாம் விழும்.

"இல்வா, குதிரையை விடு! ஓடி வா!"

அவள் அசையவில்லை. "இப்பத்தானே நிக்கச் சொன்னே! யார் பேச்சைத்தான் கேக்கறது?"

"வாடி கழுதை!" என்று கத்தினேன்.

ஓடி வந்தாள். விட்டத்தைத் தாண்டும்போது மரச்சிலாம்பு அவள் தலையில் கொட்டியது. அவள் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன். மூவரும் பனியில் விழுந்தோம். மூன்றாவது விட்டம் இறங்கியது. அது நான்காவதை இழுத்தது, நான்காவது ஐந்தாவதை. இல்வா நின்றிருந்த இடம்வரை கூரை வரிசையாக உட்கார்ந்தது. உள்ளே குதிரை ஒரேயொரு முறை கனைத்தது.

இல்வா என் பக்கம் திரும்பினாள். "என்னை ஏன் அங்கேயே நிக்கச் சொன்னே?"

நான் தோர்கெலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்கும் தன்மேல் பழி ஏற்காதவன் அவன். மகள் தலையிலிருந்த சிலாம்பைத் தட்டிவிட்டான்.

"அவ சொன்னது சரிதான், இல்வா. நான்தான் அதைப் பொய்யாக்கிட்டேன்."