மீனம்மா வீட்டுப் பதினெட்டு பேர்

ஒரு சமுதாயத்தின் ஆன்மாவை அறிய அதன் கோயில்களைப் பார்க்க வேண்டியதில்லை, அதன் மாதச் செலவைப் பார்த்தால் போதும். ஹட்டன் மண்டபத்தில் கலாநிதி நிரஞ்சன் இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். முன்வரிசை கைதட்டியது. பின்வரிசை, பார்சல் சோறு கோழியா மீனா என்று விசாரித்துக்கொண்டிருந்தது.

தேயிலைத் தோட்டக் குடும்பங்களின் செலவையும் சேமிப்பையும் ஆராயக் கொழும்பிலிருந்து வந்த பல்கலைக்கழக ஆய்வாளர் அவர். ஆய்வின் இரண்டாம் கட்டத்துக்கு அன்று பணம் கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் திரும்பிப் போய் மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதுதான்.

"இறம்பொடைப் பக்கம் ஒரு லயத்து வரிசை வீட்டில், ஒரே காம்பிரா அறைக்குள், பதினெட்டு பேர் வாழ்கிறார்கள். செலவோ நாலு பேருக்கானது! இவர்களுக்கா நாம் சிக்கனம் சொல்லிக்கொடுப்பது?"

நிதி தரும் அமைப்பின் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வீட்டை உடனே பார்க்க வேண்டும் என்றார்.

வேன் லயத்தடியில் நின்றது. மேடம் படியேறுவதற்குள் நிரஞ்சன் முந்திக்கொண்டு ஓடினார். மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்த மீனம்மா வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க வீட்டுப் பதினெட்டு பேரும் எங்க?"

"என்னங்க சேர், நாங்க நாலு பேருதானே."

"போன மாசம் எத்தனை பேர்னு கேட்டப்போ பதினெட்டுன்னீங்களே!"

"ஆமாங்க, பதினெட்டு பேரு. மழையில ரெண்டு பேரு விட்டுப்போச்சு, இல்லாட்டி இருபது."

தோட்டத்தில் ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு 'ஒரு பேர்' என்று பெயர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பக்கத்து வீட்டு யூஜினா 'பன்னிரண்டரை பேர்' என்றபோது, அந்த அரை கைக்குழந்தையாக இருக்கலாம் என்று கலாநிதி அடிக்குறிப்பே எழுதியிருந்தார்.

விஷயம் கேட்டு யூஜினாவுக்குச் சிரித்து மாளவில்லை. "அரை ஆளா? அது எங்க வீட்டுக்காரராத்தான் இருக்கும் சேர், சரியாத்தான் எழுதியிருக்கீங்க!"

"அக்கா, மேடம் வர்றாங்க. என் மானமே போயிரும்."

"அட, உள்ள வந்து உக்காருங்க சேர். முகமெல்லாம் வேர்த்துக் கெடக்கு" என்றார் மீனம்மா.

மீனம்மாவின் புருசன் மாயாண்டி தேநீருக்கு அடுப்பில் கேத்தலை வைத்தார். லயத்துக்கு வேன் வந்தால் ஏதாவது பங்கிடுவார்கள் என்பது ஊரறிந்த வழக்கம். கிடைப்பதை விட்டுவிடக் கூடாதென்று மேல் லயம், கீழ் லயம் எல்லாம் வந்து அந்தக் காம்பிராவுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தது. கலாநிதி சுவரோரம் சம்மணமிட்டுப் பிளேன்டீயை ஊதிக்கொண்டிருந்தார். யாரும் பொய் சொல்லவில்லை. யாரையும் யாரும் எதுவும் கேட்கவும் இல்லை.

மேடத்துக்கு உள்ளே கால் வைக்க இடமில்லை. மனிதர்களை விரல் நீட்டி எண்ணுவது மரியாதை இல்லை என்று, வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை எண்ணினார். இருபத்தொரு ஜோடி. பதினெட்டு என்று கலாநிதி அடக்கமாகக் குறைத்துச் சொல்லியிருக்கிறாரே என்று பூரித்து, இரண்டாம் கட்டத்துக்கு அங்கேயே சம்மதம் சொன்னார்.

"என்னங்க குடுக்கப் போறாங்க?" என்று கேட்டார் யூஜினா.

"சேமிப்பு வகுப்பு" என்றார் கலாநிதி.

"சரி, வந்து உக்காருவோம். கால் வலிக்காது."

இரண்டாம் கட்டம் அடுத்த மாதம் தொடங்கியது. அதன் அறிக்கையில் மீனம்மா வீட்டில் இருபத்தொரு பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கலாநிதி நிரஞ்சன். அவருடைய சப்பாத்தையும் மேடம் எண்ணிவிட்டார்.