இரண்டு வினாடி முன்னால் வரும் கை

கவிநிலா நீந்தி வந்து குளத்துச் சுவரைத் தொடுவதற்கு இரண்டு வினாடி முன்பே, அவள் தொட்ட சத்தம் கேட்டுவிடும். சுவர் விளிம்பில் ஐந்து விரல்களின் ஈரம் பதியும், அதன் பிறகுதான் அவள் வந்து சேர்வாள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிப் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் அவள் அம்மா ரேணுகாம்பாளுக்கு இது பழகிப்போன விஷயம். சின்ன வயதிலேயே பெண் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்கு முன்னால் வாசல் கேட்டின் கொக்கி கழலும் ஓசை வந்துவிடும். அதைக் கேட்டதும் ரேணுகாம்பாள் சோறு போட்டு வைப்பாள். ரேணுகாம்பாளின் அண்ணன் ஒருவருக்குத் தும்மல் இப்படித்தான் முன்கூட்டி வந்துகொண்டிருந்தது என்பதால் பெண்ணை யாரும் டாக்டரிடம் அழைத்துப் போகவில்லை.

தனிப் போட்டிகளில் இதனால் தொல்லை இல்லை. நடுவர்கள் ஆளைப் பார்த்துக் கடிகாரத்தை நிறுத்தினார்கள், ஆளும் பெரும்பாலும் முதலில்தான் வந்தாள். ரிலேயில்தான் சிக்கல் வந்தது. நால்வர் நீந்தும் ரிலேயில், வருகிறவள் சுவரைத் தொட்ட பிறகே அடுத்தவள் குதிக்க வேண்டும். போன வருடம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கவிநிலாவின் கிழக்குக் கல்லூரியும், எந்தப் போட்டியிலும் அதற்கு விட்டுக்கொடுக்காத மேற்குக் கல்லூரியும் சரிக்குச் சரியாக வந்துகொண்டிருந்தன. கவிநிலாவுக்கு அடுத்து நீந்த வேண்டிய உண்ணாமலை, சத்தம் கேட்டதும் குதித்தாள். ஆள் வராமலே குதித்துவிட்டாள் என்று மேற்குக் கல்லூரி ஆட்சேபித்தது. பக்கத்து லேனில் குதிக்கத் தயாராக நின்றிருந்தவள் மேற்குக் கல்லூரியின் த்ரிசலா. சத்தம் கேட்டதா என்று நடுவர் அவளிடம் கேட்டார். "இல்ல சார்" என்றாள் அவள். கிழக்குக் கல்லூரி நீக்கப்பட்டது, தங்கம் மேற்குக்குப் போனது. உண்ணாமலைக்கு அவசரக்காரி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்த வாரமே அவள் நீச்சல் உடையைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டாள்.

த்ரிசலா கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா குணபாலன் நெல்லும் மணிலாக்கொட்டையும் பயிரிடும் ஜைனர். வயல் கிணற்றில் வட்டமாக நீந்திப் பழகியதால், கல்லூரிக்கு வந்த முதல் வருடம் நேர் லேனிலும் அவளுக்கு உடம்பு இடது பக்கமாகவே வளைந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய எட்டு மாதம் பிடித்தது.

இந்த வருடம் தேசியப் போட்டிக்கான பல்கலைக்கழக அணியில் இருவருமே தேர்வானார்கள். மற்ற இரண்டு பெண்கள் வேலூர்க்காரர்கள். வேங்கிக்கால் நீச்சல் குளத்தில் ஒரு மாதப் பயிற்சி முகாம் நடந்தது. மூன்றாவதாகக் கவிநிலா, கடைசியாக த்ரிசலா என்று பயிற்சியாளர் புகழேந்தி வரிசை போட்டார். கலெக்டர் ஆபீசுக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஊர் இதைப் பல நாள் பேசியது. கவிநிலாவை அசிங்கப்படுத்த த்ரிசலா வேண்டுமென்றே நின்று நிதானமாகக் குதிப்பாள் என்றனர் கிழக்குக்காரர்கள். கவிநிலாதான் சத்தத்தை இன்னும் முன்னால் அனுப்பி த்ரிசலாவை மாட்டிவிடுவாள் என்றனர் மேற்குக்காரர்கள். புள்ளியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அர்ஜுனன், பருவமழையையும் பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தையும் முன்கூட்டியே எழுதிப்போடும் தன் கரும்பலகையில், "பெண்கள் ரிலே: இறுதிப் போட்டிக்கு வரும். இறுதியில் நீக்கப்படும்" என்று எழுதினார். அவர் எழுதியது பன்னிரண்டு வருடமாகத் தப்பியதில்லை.

முகாமில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சத்தம் கேட்ட பிறகும் த்ரிசலா அசையாமல் நின்று, ஆள் வந்து தொட்டதும்தான் குதித்தாள். ஒவ்வொரு முறையும் இரண்டு வினாடி வீணானது. புகழேந்தி கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். முகாமில் இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு. பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடும் வழக்கம் இல்லாததால் த்ரிசலா ஐந்தரைக்கே நனைத்த அவலைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டாள். ஆறாம் நாள் மாலை ஐந்து மணிக்கே அவள் பைக்குப் பக்கத்தில் ஒரு டிபன் பாக்ஸ் இருந்தது. உள்ளே எலுமிச்சைச் சாதம். மறுநாளும் இருந்தது. வைத்தது கவிநிலா என்று அதற்கு அடுத்த நாள் தெரிந்தபோது, த்ரிசலா டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு அவளிடம் போனாள்.

"போன வருஷம் எனக்கு கேட்டுச்சி" என்றாள்.

கவிநிலா தலை துவட்டிக்கொண்டிருந்தாள். "இன்னா கேட்டுச்சி?"

"உன் கை வந்த சத்தம். நல்லாவே கேட்டுச்சி. இல்லைனு சொல்லிட்டேன்."

"தெரியும். மூச்சு எடுக்கறப்ப பாத்தேன். சத்தம் வந்ததும் உன் முட்டி மடங்குச்சி."

"தெரிஞ்சுமா சோறு எடுத்தாந்த?"

"நீ பட்டினியா நீந்துனா நாலு பேரும் தோப்போம்." கவிநிலா துண்டை உதறிக் கொடியில் போட்டாள். அவள் குரல் அப்போதுதான் தடித்தது. "இத எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அவசரக்காரின்னு பேர் வாங்குனது உண்ணாமலை. அவளுக்குச் சொல்லு."

சத்தம் கேட்டது உண்மை என்று த்ரிசலா பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினாள். ஊருக்கு எடுத்துப்போய் அப்பாவிடம் காட்டினாள். குணபாலன் இரண்டு முறை படித்தார், ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினார். "அனுப்பிடும்மா" என்றார். மேற்குக் கல்லூரி அறிவிப்புப் பலகையிலிருந்து அவள் படம் கழற்றப்பட்டது. தோழிகள் பாதிப் பேர் முகம் திருப்பிக்கொண்டார்கள். போன வருடம் தனக்குக் கிடைத்த தங்கப் பதக்கத்தை அவளே உண்ணாமலை வீட்டுக்குக் கொண்டுபோனாள். உண்ணாமலை அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். கதவைச் சாத்தவும் இல்லை, உள்ளே வா என்று கூப்பிடவும் இல்லை. "தண்ணிக்கு நான் திரும்ப வரமாட்டேன். நீ நின்னுனே இருக்காத, சத்தம் வந்தா குதி" என்று மட்டும் சொன்னாள்.

தேசியப் போட்டி புனேயில் நடந்தது. அங்கே ஒவ்வொரு லேன் சுவரிலும் தொடுகையைப் பதிவு செய்யும் மின்பலகை இருந்தது. இறுதிப் போட்டியில் கவிநிலா தண்ணீரில் இறங்கியபோது அணி ஆறாவது இடம். அவள் திரும்பி வரும்போது ஐந்தாவது. த்ரிசலா குதிக்கும் மேடையில் குனிந்து நின்றாள். கீழே பலகையில் கை படும் சத்தம் கேட்டது. அங்கே வெறும் தண்ணீர்தான் இருந்தது, கவிநிலா இன்னும் மூன்று மீட்டர் தள்ளி வந்துகொண்டிருந்தாள். த்ரிசலா குதித்தாள். நீந்தி வருகிறவளின் முதுகுக்கு மேலே அவள் பறந்து போனதைப் பார்த்துப் பார்வையாளர்கள் எழுந்துவிட்டார்கள். அவள் நேராக நீந்தினாள், ஒரு இடத்திலும் வளையவில்லை. அணி மூன்றாவதாக வந்தது.

நான்கு ஆட்சேபணைகள் வந்தன. தலைமை நடுவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள். பலகையின் பதிவில் கை பட்ட பிறகே கால் மேடையை விட்டிருந்தது. நடுவர்களின் கண்ணுக்கோ ஆள் வரவே இல்லை. அந்த அம்மாள் கவிநிலாவைத் தனியாக ஒருமுறை நீந்தச் சொல்லி, சுவர் ஓரம் மண்டியிட்டுக் காதைத் தாழ்த்தினார். சத்தம் வந்தது. விளிம்பில் விரல்கள் பதிந்தன. பிறகு பெண் வந்தாள். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். சுவரைத் தொட வேண்டும் என்று இருந்தது, தொடும்போது ஆள் கூட இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. "தொட்டது சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். வெண்கலம் வந்தது. ஊரில் அர்ஜுனன் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, "ஆள வெச்சி கணக்கு போட்டுட்டேன், கைய வெச்சி போட்டிருக்கணும்" என்றார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை.

கவிநிலா இப்போதும் வேங்கிக்காலில்தான் பயிற்சி செய்கிறாள். மாலையில் கலெக்டர் ஆபீஸ் பெண்கள் நீச்சல் கற்றுக்கொள்ள வருகிறார்கள். நாலாவது லேனின் ஓரத்தில் தண்ணீரில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து டிரான்ஸ்ஃபர், அகவிலைப்படி என்று பேசிக்கொண்டிருப்பார்கள். சுவரில் பட்டென்று சத்தம் கேட்டதும் எல்லோரும் பேச்சை நிறுத்தாமலே காலை மேலே தூக்கிக்கொள்வார்கள். கவிநிலா வந்து தொட்டுத் திரும்பிப் போவாள். கால்கள் மறுபடி தண்ணீருக்குள் இறங்கும்.