முப்பத்தோராம் நாற்காலி

பனிச்சறுக்கு மலையை மூடி இருபத்திரண்டு வருஷமாகியும் முப்பத்தோராம் நாற்காலியின் தடுப்புக் கம்பி இறங்கியேதான் இருந்தது. மற்ற எண்பத்து மூன்று நாற்காலிகளிலும் கம்பி மேலே மடங்கிக் கிடந்தது. ஆள் இல்லாத நாற்காலிக்கு அதுதான் முறை. ஒன்பதாம் தூணுக்குப் பக்கத்தில், ஆறு ஆள் உயரத்தில், இது ஒன்று மட்டும் யாரையோ மடியில் வைத்துப் பிடித்திருப்பது மாதிரி தொங்கிற்று. கெல்சி ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துப் பழகிப்போனார்கள். காற்று தட்டிவிட்டிருக்கும் என்றார்கள். அந்தக் கம்பியை இறக்கியது காற்று இல்லை, தன் கை என்று நெஸ்டருக்கு மட்டும் தெரியும்.

அவன் அந்த மலையில் பதினேழு குளிர்காலம், வடத்தில் நாற்காலிகள் தொங்கிச் சுற்றுகிற லிஃப்டை ஓட்டினவன். காலில் பனிப்பலகை கட்டியவர்களை நாற்காலியில் ஏற்றி, கம்பியை இறக்கிவிட்டு, முதுகில் ஒரு தட்டுத் தட்டி மேலே அனுப்புவான். உச்சிக்குப் போய்ச் சேர ஒன்பது நிமிஷம். மலை மூடினதற்கப்புறம் ஜிப்சம் சுரங்கத்தில் கல் உடைத்தான். முழங்காலும் முதுகும் அங்கேதான் போயின. இப்போது அறுபத்து மூன்று வயது. விரல்கள் காலையில் மடங்க மறுக்கும். வெந்நீரில் ஊறவைத்துத்தான் மடக்க வேண்டும்.

மலையை மறுபடி திறக்கலாம் என்று பேச்சைக் கிளப்பியது ஓரிஸ்யா, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். மலை அடங்கிய வனப்பூங்காவின் அலுவலகம் முதலில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காட்டை அதன் இயல்புக்கு விட்டுவிட்டோம், தூண்களையும் அறுத்து எடுத்துவிடப்போகிறோம் என்று கடிதம் போட்டது. ஓரிஸ்யா ஆறு வருஷம் பதில் கடிதம் எழுதினாள். கடைசியில் ஒரு வழி கொடுத்தார்கள்: ஊர் தன் கையால் சரிசெய்யட்டும், பரிசோதகர் வந்து லிஃப்ட் உறுதி என்று கையெழுத்துப் போட்டால் திறக்கலாம், போடாவிட்டால் வசந்தத்தில் தூண் விழும். மிருகங்கள் மிரளும், ஆகவே இயந்திர ரம்பம் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். இரண்டு கோடைக்காலம் ஊரே கைரம்பத்தோடு ஏறி, சரிவில் முளைத்திருந்த பாப்லர் மரங்களை ஒவ்வொன்றாக அறுத்தது. வடத்தை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார்கள். மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றினார்கள்.

நெஸ்டர் ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஊருக்காக உழைக்கிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. லிஃப்ட் ஒரு தரமாவது சுற்ற வேண்டும். முப்பத்தோராம் நாற்காலி கீழே வர வேண்டும். அதில் தான் ஏற்றிவிட்ட ஆள் என்ன ஆனான் என்று தெரிய வேண்டும்.

கெல்சி மலையில் ஒரு வழக்கம் உண்டு. லிஃப்ட் அறையில் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி, ஆணியில் உள்ளங்கை அகலத்தில் கயிறு கோத்த ஒரு பித்தளைத் தகடு. காலையில் முதலில் மலையேறுகிற காவல்காரர் அதை எடுத்துப்போய் உச்சிக் குடிசையில் மாட்டுவார். சாயங்காலம் கடைசிச் சுற்று வருகிற காவல்காரர் சரிவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை துழாவி, கூப்பிட்டு, ஒருவரும் மிச்சமில்லை என்று பார்த்துவிட்டுத் தகட்டைக் கீழே கொண்டுவந்து ஆணியில் மாட்டுவார். ஆணியில் தகடு இருந்தால் மலை காலி. லிஃப்டை நிறுத்தலாம். அதற்கு முன்னால் மலையின் முதலாளியே வந்து சொன்னாலும் நிறுத்தக் கூடாது.

மலை மூடின கடைசி நாளன்று சாயங்காலம் அடிவார விடுதிக்குள் அழுகையும் குடியும் பாட்டுமாக இருந்தது. வெளியே பத்தடிக்கு அப்பால் தெரியாத பனிமூட்டம். மஞ்சள் கம்பளித் தொப்பி போட்ட ஒருவன் தனியாக வந்து நின்றான். நெஸ்டர் அவனை முப்பத்தொன்றில் ஏற்றினான், கம்பியை இறக்கினான், தட்டி அனுப்பினான். ஆறு நிமிஷம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் ஆணியில் தகடு. நிறுத்திவிட்டான். தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குடிக்கப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. உச்சிக்கு ஒன்பது நிமிஷம். அவன் நிறுத்தியது ஆறில்.

ஓடினான். நாற்காலி ஒன்பதாம் தூணருகே தொங்கிற்று. கம்பி இறங்கியிருந்தது, ஆள் இல்லை. கீழே பனியில் ஒரு கீறல்கூட இல்லை. வண்டி நிறுத்துமிடத்தில் வண்டி எதுவும் இல்லை. காணாமல் போனதாக ஒருவரும் தேடி வரவில்லை. மஞ்சள் தொப்பியைப் பார்த்ததாக வேறு யாரும் சொல்லவும் இல்லை. அவனும் வாய் திறக்கவில்லை. தகடு மட்டும் அவனுடைய சாப்பாட்டு டப்பாவின் அடியில் இருபத்திரண்டு வருஷம் கிடந்தது.

பரிசோதனை நாள் பிப்ரவரியில் வந்தது. குளிர் கண்ணிமையை ஒட்டவைத்தது. சூரியனுக்கு இரண்டு பக்கமும், காற்றில் மிதக்கிற பனித்துகளில் தெரிகிற இரண்டு பொய்ச் சூரியன்கள் நின்றன. வெர்னா ஜெனாய் விடியும்போதே வந்துவிட்டாள். அந்தக் காலத்து மலைக்காவல்காரி, இன்றைக்கு உச்சியில் நிற்க வேண்டியவள். லிஃப்ட் சான்று பெறாததால் அவள் பலகைக்கு அடியில் வழுக்காதிருக்கத் தோல்பட்டை ஒட்டிக்கொண்டு நடந்தே ஏற வேண்டும்.

"என்னய்யா, பேயடிச்ச மாதிரி நிக்கிறே?" என்றாள். "பரிசோதனை லிஃப்டுக்குத்தானே, உனக்கா?"

நெஸ்டர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து தகட்டை எடுத்து நீட்டினான்.

வெர்னாவின் சிரிப்பு நின்றது. தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது உங்கிட்டயா இருக்கு? அன்னைக்கு இதை மேல தேடுனேன். குடிசையில இல்ல. சரி, கூட இருந்த காவல்காரன் கில்பர்ட் முந்திக்கிட்டான், கடைசிச் சுற்று முடிச்சு எடுத்துட்டுப் போயிட்டான்னு நெனச்சு நேரா கீழ வந்துட்டேன்."

"அன்னைக்குக் காலையில யாரு மேல கொண்டுபோனது?"

அவள் யோசித்தாள். காலையில் முதலில் ஏறியது அவள்தான். கடைசி நாள் என்ற துக்கத்தில் ஆணியின் பக்கம் பார்த்ததாகவே ஞாபகம் இல்லை.

"அப்ப அது நாள் பூரா இங்கயேதான் தொங்கிருக்கு," என்றாள் மெதுவாக.

"நான் அதைப் பாத்துட்டுத்தான் நிறுத்துனேன்."

இரண்டு பேரும் வெறும் ஆணியைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் நெஸ்டர் மஞ்சள் தொப்பியைப் பற்றிச் சொன்னான். கில்பர்ட் செத்துப் பத்து வருஷம் ஆகிறது, அவனைக் கேட்க வழியில்லை என்று மட்டும் சொன்னாள். தகட்டைக் கழுத்தில் மாட்டி, மேலங்கிக்குள் விட்டுக்கொண்டு, பலகையைக் கட்டி ஏறத் தொடங்கினாள். இருபதடி போய்த் திரும்பினாள்.

"அந்தக் கடைசிச் சுற்று இன்னும் பாக்கி இருக்கு, நெஸ்டர். இன்னைக்கு நான் கொண்டாந்து மாட்டுற வரைக்கும் நிறுத்தாதே. எவன் சொன்னாலும் சரி."

பரிசோதகர் ஹால்வர்சன் குறைத்துப் பேசுகிற மனுஷன். கையில் அட்டை, காதில் பேனா. பத்து மணிக்கு லிஃப்டை ஓட்டச் சொன்னார். இருபத்திரண்டு வருஷத் துரு ஒரு தரம் முனகியது. நாற்காலிகள் நகர்ந்தன. விடுதி வாசலில் நின்ற பெண்கள் கை தட்டினார்கள், ஒருத்தி அழுதாள்.

முப்பத்தொன்று உச்சியைச் சுற்றிக் கீழே வந்தது. மற்ற நாற்காலிகளில் முந்தைய நாள் பனி ஒரு சாண் இருந்தது. இதன் இருக்கையில் பனி இல்லை. ஆள் உட்கார்ந்த அகலத்துக்குத் துடைத்த மாதிரி இருந்தது. நெஸ்டர் கம்பியைத் தூக்கி மேலே மடக்கினான். தடவிப் பார்த்தான். ஸ்பிரிங் விறைப்பாக, சரியாக இருந்தது.

இருபது நிமிஷம் கழித்து அது மறுபடி வந்தது, கம்பி இறங்கி. மடக்கினான். மறுபடி இறங்கி வந்தது.

"ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு," என்று ஹால்வர்சன் எழுதிக்கொண்டார். "கம்பி வச்சுக் கட்டிருங்க."

நெஸ்டர் தலையாட்டினான். அவன் கண் மோட்டாரின் சுமை முள்ளில் இருந்தது. லிஃப்ட் ஓட்டினவனுக்கு வெளியே பார்க்க வேண்டாம், முள்ளைப் பார்த்தால் போதும். எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்று சொல்லிவிடுவான். எல்லா நாற்காலியும் காலி. ஆனால் முப்பத்தொன்று ஏறும்போதெல்லாம் முள் ஒரு மயிரிழை நகர்ந்தது. ஒரு ஆள் எடை. உச்சியில் அந்த எடை இறங்கவில்லை. அதோடேயே சுற்றி வந்தது.

மேலே குடிசைக்குத் தொலைபேசி போட்டான். நாற்காலியில் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டான். ஒன்றும் தெரியவில்லை, ஆனால் முப்பத்தொன்று திரும்பும்போது மட்டும் தன் கை தானாகக் கம்பியைத் தூக்கிவிடப் போகிறது என்றாள் வெர்னா.

மத்தியானம் தண்ணீர்ப் பீப்பாய்களை ஏற்றிச் சுமை பார்த்தார்கள். தாங்கியது. வடம் தாங்கியது, தூண்கள் தாங்கின. ஓரிஸ்யா விடுதியிலிருந்து பெரோகிக் கொழுக்கட்டை வாசனையோடு வந்து வந்து எட்டிப் பார்த்தாள். முகத்தில் நம்பிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. மூன்றே முக்காலுக்கு ஹால்வர்சன் அட்டையைப் புரட்டினார்.

"ஒண்ணுதான் பாக்கி. நிறுத்துங்க. எத்தனை அடியில நிக்குதுன்னு அளந்துட்டு நான் கிளம்பணும்."

நெஸ்டரின் கை பொத்தானுக்குப் போகவில்லை.

"தகடு வரல, சார்."

என்ன தகடு என்று அவர் கேட்டார். நெஸ்டர் வழக்கத்தைச் சொன்னான். மலையில் ஆளே ஏற்றவில்லையே, யாரைத் துழாவ என்றார் அவர். நாலரைக்குப் பூங்கா வாயிலை மூடிவிடுவார்கள், வாயிலைத் தாண்டியும் மூன்று மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும், ஓட்டுகிறவர் சொன்னபடி நிறுத்தவில்லை என்று எழுதினால் அதோடு முடிந்தது என்றும் பொறுமையாகவே சொன்னார்.

ஓரிஸ்யா ஓடி வந்தாள். "வுய்க்கோ," என்றாள். ஊரில் மாமன் முறைக்கு அதுதான் வார்த்தை. "வுய்க்கோ, உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன். ரெண்டு கோடை முழுக்க மரம் அறுத்தோம். ஒரு பொத்தான். அமுக்குங்க."

"ஒரு தரம் அப்படித்தாம்மா அமுக்குனேன்," என்றான் நெஸ்டர்.

அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான், தானாகப் போய்விடுமோ என்று பயந்தவன் மாதிரி. ஹால்வர்சன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது மேலேயிருந்து குரல் கேட்டது.

"மலை மூடுது. கீழ வாங்க."

வெர்னா கடைசிச் சுற்றைத் தொடங்கியிருந்தாள். சரிவின் இடது ஓரத்தில் ஒரு தரம், வலது ஓரத்தில் ஒரு தரம். கூப்பிட்டுவிட்டு நிற்பாள், கேட்பாள், நகர்வாள். பொய்ச் சூரியன்கள் மறைந்து வெளிச்சம் நீலமாகிவிட்டது. ஒன்பதாம் தூண் பக்கம் குரல் நின்றது. வெகுநேரம் நின்றது. ஹால்வர்சன் பேனாவை மூடி, திறந்து, மூடினார். அப்புறம் குரல் மறுபடி வந்தது. இந்தத் தடவை யாரோடோ நடந்து வருகிறவள் பேசுகிற மாதிரி தணிவாக.

முள் மயிரிழை இறங்கியது. நெஸ்டர் அதைப் பார்த்தான்.

வெர்னா மரங்களுக்கிடையிலிருந்து வெளியே வந்தாள். நேரே அறைக்கு வந்து, கழுத்திலிருந்து தகட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். நெஸ்டருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"ஒன்பதுக்குக் கீழ ஒரு பலகைத் தடம் ஆரம்பிக்குது. எங்கிருந்தும் வரல. நடுப் பனியில ஆரம்பிக்குது. எனக்கு முன்னாடியே போய்க்கிட்டிருந்துச்சு. அது பின்னாலயேதான் வந்தேன்."

"எதுவரைக்கும்?"

அவள் கையால் காட்டினாள். நாற்காலியில் ஏறுகிற இடத்தை நெஸ்டர் சுமை சோதனை முடிந்ததும் வாரியால் இழுத்துச் சமன் செய்திருந்தான். அதற்கப்புறம் யாரும் கால் வைக்கவில்லை. இப்போது அந்தச் சமன் பனியில் இரண்டு கோடுகள், ஏறுவதற்கு வரிசையில் நிற்கிறவன் பலகைகள் மாதிரி, ஏறுமிடத்தின் எல்லைக் கட்டையை ஒட்டி வந்து நின்றிருந்தன.

முப்பத்தொன்று வந்தது. கம்பி மேலே மடங்கியிருந்தது. அது தாண்டிப் போகும்வரை நெஸ்டர் காத்திருந்தான். அப்புறம் பொத்தானை அமுக்கினான்.

ஹால்வர்சன் குனிந்து அளந்தார். விதித்த அளவுக்குள்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு, ஓட்டுகிறவர் விதியை விடாதவர் என்று குறிப்பிலும் எழுதிவிட்டு, வாயில் மூடுவதற்குள் கிளம்பிப் போனார். ஓரிஸ்யா நெஸ்டரைக் கட்டிப் பிடித்து அழுதாள். அன்று அவன் பதினாலு பெரோகி தின்றான். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கனவில்லாமல் தூங்கினான்.

சனிக்கிழமை திறப்பு. ஒன்பதுக்குக் கூட்டம் வரும். நெஸ்டர் ஏழு மணிக்கே போய்ப் பூட்டைத் திறந்தான். பூட்டில் உறைபனி கலையாமல் இருந்தது, வாயால் ஊதித்தான் சாவியை விட்டான். வாசலில் காலடி இல்லை. ராத்திரி பெய்த பனி வழுவழுவென்று கிடந்தது.

உள்ளே ஆணி வெறுமையாக இருந்தது.

தரையில் தேடினான், மேஜைக்கு அடியில் தேடினான். அதற்குள் வெர்னா பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். தகட்டுக்காகக் கையை நீட்டினவள் ஆணியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"நீ எடுத்து வச்சிருக்கியா?"

"நீ எடுத்துட்டுப் போயிட்டேன்னு நெனச்சேன்."

அதைக் கேட்டு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் மயிர் கூச்செறிந்தது. நெஸ்டர் தொலைபேசியை எடுத்து உச்சிக் குடிசைக்குச் சுழற்றினான். அங்கே ஆள் இல்லை, இருக்க முடியாது. மணி இரண்டு தரம் அடித்தது. மூன்றாவது அடிக்கும்போது யாரோ எடுத்தார்கள். பேச்சில்லை. காற்று; அப்புறம், பித்தளை மரத்தில் இடித்து ஆடுகிற சத்தம்.

மெதுவாகக் கீழே வைத்தான்.

"என்ன?" என்றாள் வெர்னா.

"தகடு மேலதான் இருக்கு."

அவள் சரிவைப் பார்த்தாள். பலகைகளைத் தோளிலிருந்து இறக்கினாள். "அப்ப மலை திறந்தாச்சு," என்றாள். கடமையில் நிற்கிற காவல்காரியின் குரல். "சாயங்காலம் கடைசிச் சுற்று நான் வர மாட்டேன், நெஸ்டர். காலையில எவன் கொண்டுபோனானோ அவன் கொண்டுவரட்டும்."

நெஸ்டர் ஆணியை ஒரு தரம் தொட்டுப் பார்த்தான். குளிர்ந்திருந்தது. கீழே சாலையில் ஓரிஸ்யாவின் மஞ்சள் பஸ் ஆட்களை நிறைத்துக்கொண்டு திரும்புகிற சத்தம் கேட்டது. விரல்களை ஊதி மடக்கினான். லிஃப்டை ஓட்டிவிட்டான்.