மாடி மூலை அறையில் யாரும் இல்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததே அல்ல. ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே இருந்த பழைய மாளிகை ஒன்று பெரிய ஓட்டலாக மாறியது. அதன் வரலாற்றைச் சின்னப் புத்தகமாக எழுதித் தரச் சொன்னார்கள். ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் விளக்கடியில் வைப்பார்களாம்.

"தங்க வர்றவங்க தூக்கம் வர்றதுக்குள்ள படிச்சு முடிச்சிடணும் சார்" என்றார் மேனேஜர்.

நான் எழுதியதைப் படித்தால் தூக்கம் எவ்வளவு சீக்கிரம் வரும் என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

2

முதல் ஆரம்பம்: மூடுபனி விலகியதும் மாளிகை தன் நூறு ஜன்னல்களையும் மெல்லத் திறந்து

(விட்டுவிட்டேன். ஜன்னலை யார் எண்ணினார்கள்? சும்மா அளக்கிறேன்.)

இரண்டாவது ஆரம்பம்: மர வியாபாரத்தில் கொழித்த ஒருவர் இதைக் கட்டினார். பிள்ளைகள் வளர்ந்தார்கள். பேரன் விற்றான்.

இது உண்மை. இதோடு பேனாவை மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் விற்றவரின் தங்கை மட்டும் வீட்டை விட்டுப் போகவே இல்லை.

3

கடைக்குட்டி என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். வீட்டில் எல்லோருக்கும் இளையவர். எழுபதைத் தாண்டியும் அந்தப் பெயர் போகவில்லை. "தங்கச்சி இருக்குற வரைக்கும் மாடி மூலை ரூம் அவளுக்குத்தான்" என்று அண்ணன் வாய்வார்த்தையாகப் பேசித்தான் விற்றார். அப்புறம் ஓட்டலை வேறு கம்பெனி வாங்கியது. அவர்களுக்கு அந்தப் பேச்சு தெரியாது.

ஓட்டலில் ஒரு வழக்கம். யார் மாடியிலிருந்து இறங்கி வந்தாலும் வரவேற்பில் இருக்கும் பெண் சிரித்த முகமாக, "எங்ககிட்ட முதல் தடவையா தங்குறீங்களா?" என்று கேட்டாக வேண்டும். பயிற்சியில் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கடைக்குட்டியிடமும் தினமும் கேட்பாள்.

"ஆமாம்மா, பொறந்ததுலேருந்து முதல் தடவை" என்பார் அவர்.

பிறகு கூடத்து சோபாவில் அமர்ந்து, பெட்டியோடு வருகிறவர்களைப் பிடித்துக்கொள்வார்.

"எந்த ரூம் குடுத்திருக்காங்க? பச்சைச் சுவர் ரூமா? அதுலதான் எங்க மாமா வாந்தியும் பேதியுமா நாள் கணக்குல கெடந்தாரு. தங்கமான மனுஷன். பயப்படாதீங்க, மெத்தையை மாத்திட்டாங்க."

(அடிக்குறிப்பு போல ஒன்று: மாளிகையின் வரலாறு இதுதான் என்று எனக்குத் தோன்றியது. பச்சைச் சுவர் அறைக்காரர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. புகார்கள் போயின.)

4

மேனேஜரை வில்லனாக்க எவ்வளவோ முயன்றேன். முறுக்கு மீசை வைத்துப் பார்த்தேன். குரலை உயர்த்திப் பார்த்தேன். ம்ஹூம், ஒத்துவரவில்லை. நிஜத்தில் அவர் தானே டீ எடுத்துவந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"மேலிடத்துல அந்த மாடி மூலை ரூமைக் கேக்குறாங்க சார். அவங்களை அண்ணன் பையன் வீட்டுக்கு அனுப்பிடச் சொல்றாங்க. அங்க போனா அந்தம்மா தாங்க மாட்டாங்க."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"அந்த ரூம்ல பேய் இருக்குன்னு எழுதிடுங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பேய் இருக்கிற அறையை யாருக்கும் வாடகைக்கு விட வேண்டாம். அதைப் பார்க்கவென்றே ஆட்கள் வருவார்கள், பக்கத்து அறைகள் நிரம்பும். மேலிடத்தில் தலையாட்டிவிட்டார்களாம். கடைக்குட்டி சாகும்வரை அங்கேயே இருக்கலாம். ஆனால் கீழே இறங்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது. சாயங்காலம் சற்று நேரம் ஜன்னலில் நின்றால் போதும்.

5

கடைக்குட்டியிடம் இதைச் சொல்ல மாடிக்குப் போனேன். திறந்திருந்த ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து, திரைச்சீலையை நனைத்துவிட்டு, அவர் பிறந்த கட்டிலருகே தயங்கி நின்றது. கீழே நீச்சல்குளத்தில் யாரோ சிரிக்கும் சத்தம் எங்கோ தொலைவிலிருந்து வந்தது. நாங்கள் இருவரும் யாருடைய தூக்கத்துக்குள்ளோ உட்கார்ந்திருப்பதாக எனக்குப் பட்டது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் எப்படிச் செத்தேன்?" என்றார்.

"இன்னும் எழுதலைம்மா."

"காதல் தோல்வின்னு எழுதித் தொலைச்சிடாதீங்க, மானம் போயிடும். காய்ச்சல்னு போடுங்க."

"அப்போ சம்மதமா?"

"வேற எங்கயும் எனக்குத் தூக்கம் வராது தம்பி." கொஞ்ச நேரம் திரைச்சீலையைப் பிழிந்துகொண்டிருந்தார். "ஆனா பேசாம எப்படி இருக்குறது? வாயை வெச்சுக்கிட்டு?"

 

6

முடிவு ஒன்று: நான் எழுத மறுக்கிறேன். அவர் அண்ணன் மகன் வீட்டுக்குப் போகிறார். அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், கேட்கத்தான் யாருக்கும் நேரமில்லை. ராத்திரியெல்லாம் விழித்தபடி

(மனசு வரவில்லை. கிழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: பேயாக இருந்து சலித்துப்போய் ஒரு நாள் இறங்கி வருகிறார். எல்லோரும் அலறி ஓடுகிறார்கள். வரவேற்புப் பெண் மட்டும் சிரித்த முகமாக, "முதல் தடவையா தங்குறீங்களா?" என்கிறாள்.

(எனக்கே சிரிப்பு வந்தது. மறுநாள் அவர் பெட்டியைக் கட்ட வேண்டுமே என்று நினைத்ததும் நின்றுவிட்டது.)

7

கடைசியில் காய்ச்சல் என்றே எழுதிக் கொடுத்தேன். புத்தகம் அச்சாகிவிட்டது. அங்கே தங்கப் போனால் உங்கள் கட்டிலருகேயும் இருக்கும்.

அதில் இல்லாததை இங்கே சொல்கிறேன். சொல்லக் கூடாதுதான், ஆனால் அவர் உயிரோடிருப்பது ஒருவருக்காவது தெரிய வேண்டாமா? நான் விடைபெறும்போது கடைக்குட்டி சொன்னார்: "பேச மாட்டேன் தம்பி, சத்தியமா. ஆனா கீழேருந்து யாராவது கையாட்டினா நானும் ஆட்டிடுவேன். அதை மட்டும் என்னால அடக்க முடியாது."

பேய் கையாட்டினால் விஷயம் வெளியே வந்துவிடும். அறையும் போய்விடும்.

சாயங்காலம் நீங்கள் புல்வெளியில் நடக்கப் போவீர்கள். பனி இறங்கும். சுற்றிலும் நாலு பேர் நிற்பார்கள். மேலே, மூலை ஜன்னலில், நரைத்த தலை ஒன்று உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இதற்குமேல் நான் எழுத மாட்டேன். கை உங்களுடையது.