பார்வினோக் மணமுடி

மகள் உலியானா பிறந்த வருஷம் பரஸ்கா நட்ட பார்வினோக் என்னும் பசுங்கொடியின் பாத்தி அது. கொடி தரையோடு ஓடும். கணு மண்ணில் படுகிற இடத்தில் ஒரு கல்லை வைத்து அமுக்கிவிட்டால் வேர் பிடித்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக இப்படிக் கல் வைத்தே ஆப்பிள் மர நிழலில் பாத்தியை வேலி வரை கொண்டுபோயிருந்தாள். இந்தக் குளிர்காலத்தில் பனி விழாமல் வெறும் குளிராகக் காய்ந்ததில் தெருவில் எல்லார் பாத்தியும் கருகிப்போயிற்று. வைக்கோல் போர்த்தியிருந்த பரஸ்காவுடையது மட்டும் நீலப் பூவோடு தப்பித்தது. ஞாயிற்றுக்கிழமை உலியானாவுக்குக் கல்யாணம். பார்வினோக் இலையில் தைத்த மணமுடி இல்லாமல் அந்த ஊரில் கல்யாணம் கிடையாது.

புதன்கிழமை காலை பக்கத்து வீட்டு ஹாஃபியா வேலியருகே வந்து நின்றாள். போர்முனையில் செத்த அவள் மகன் லெஸ்ஸின் உடல் முந்தின நாள்தான் வந்திருந்தது. கல்யாணமாகாமல் செத்தவனை மணமுடி வைத்துத்தான் புதைக்க வேண்டும். அதுகூட இல்லாமல் அனுப்பினால் பெற்ற வயிறு ஆறுமா?

"ஒரு கை கொடி குடு பரஸ்கா. பிள்ளை தலைக்கு."

"சாவுக்கு வெட்டின பாத்தியில கல்யாணத்துக்கு வெட்டலாமாக்கா? நீங்களே சொல்லுங்க. ஞாயிறு கழியட்டும்."

"அதுவரைக்கும் அவன் காத்துக்கிட்டுக் கிடப்பானா? உனக்கு முதல் கொடியை வேரோட பிடுங்கிக் குடுத்தது யாருடி?"

"நீங்கதான். இல்லேங்கல. ஆனா என் பொண்ணு வாழணுமேக்கா!"

கடையில் வாங்கிய பிளாஸ்டிக் இலை முடியோடு லெஸ் குழிக்குள் போனான்.  அப்போதும் பரஸ்கா கத்தரியை எடுக்கவில்லை. என்ன ஜன்மமோ!

சனிக்கிழமை முடி தைக்க வேண்டும். புருஷன் உயிரோடு இருக்கிறவள்தான் தைக்கலாம், பரஸ்காவோ விதவை. அழைத்த ஐந்து பேரில் ஒருத்தியும் வரவில்லை. ஒருத்திக்குத் தலைவலியாம், ஒருத்தி வீட்டில் பசு கன்று போடுகிறதாம்.

"உங்க பாத்தியை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்கம்மா," என்றாள் உலியானா.

அப்போது ஹாஃபியா கறுப்புத் துணியில், ஊசி நூலோடு உள்ளே வந்தாள்.

"அக்கா... நீங்களா?"

"என் புருஷன் இன்னும் சாகலையே. உன் மேல எனக்குக் கோவம் தீரலடி. அதுக்குப் பொண்ணு என்ன பண்ணும்? கொடியை வெட்டிட்டு வா."

துக்கவீட்டுக் கை என்று பரஸ்காவுக்கு உறுத்தியது. சொல்ல அவளுக்கு முகமேது?

ஹாஃபியா ஓர் இலை மேல் ஓர் இலையாக வைத்துத் தைத்து முடித்தாள். அதை உலியானாவின் தலையில் வைத்துப் பார்த்தாள். முடி புருவத்தைத் தாண்டி மூக்கு வரை இறங்கிவிட்டது.

"இது லெஸ் தலை அளவு," என்றாள் ஹாஃபியா. "அவனுக்குத் தொப்பி பின்னிப் பின்னிப் பழகின கை."

பரஸ்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "பிரிக்காதீங்கக்கா. அவன்கிட்டயே கொண்டுபோங்க. இவளுக்கு வேற தைக்கலாம்."

"மண்ணை மூடியாச்சு பரஸ்கா."

ஹாஃபியா நூலை அறுத்து, நாலு விரல் அகலத்துக்கு இலைகளை எடுத்துவிட்டு, மறுபடி தைக்க ஆரம்பித்தாள்.