விரல் நின்ற இடம்

மேனேஜர் தாளை மேசையில் வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். இருபது வாக்கியம், அரை மணி நேரம். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பயிற்சிப் புத்தகம் போடும் அந்தப் பதிப்பகத்தில் இருபத்தாறு வருடம் பிழை திருத்திய மனிதருக்கு, நேற்றுச் சேர்ந்த ஆளைப் போலப் பரீட்சை. கணவருக்குப் பக்கத்து நாற்காலியில் அவள் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு வலது கை விளங்கவில்லை. இடது கை விரலை வரிமேல் நகர்த்திக்கொண்டே போவார். பிழை இருந்தால் விரல் நிற்கும், சரியான சொல்லைச் சொல்வார், அவள் எழுதுவாள். எட்டு மாதமாக வீட்டிலிருந்தே வேலை அப்படித்தான் ஓடியது.

கைதான் போச்சு, தலை கல்லு மாதிரி இருக்கு என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் மார்தட்டுவார். தலையிலும் ஏதோ போயிருந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். நீளநீளமான சொற்களில் ஒரு எழுத்து பிசகினாலும் பிடித்துவிடுவார். ஆனால் அக்செப்ட் வரவேண்டிய இடத்தில் எக்செப்ட் இருந்தால் விரல் பாட்டுக்குத் தாண்டிப் போகும். மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும், இப்படி மாறிப்போகும் சொற்களையெல்லாம் ஜோடி ஜோடியாக அவரே ஒரு காலத்தில் எழுதி வைத்த நோட்டைப் பிரித்துக்கொண்டு அவள் முதலிலிருந்து பார்ப்பாள். பத்தாவதோடு படிப்பை விட்டவளுக்கு அந்த நோட்டு தலைகீழ்ப் பாடம். போன மாதம் நான்கு நாள் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். அந்த நான்கு நாளில், பக்கத்து வீட்டுப் பையன் பேனா பிடித்துப் போன புத்தகத்தில் பதினோரு பிழை. இந்தப் பரீட்சை அதற்காகத்தான்.

"சார் விரல் நிக்கிற எடத்துல மட்டும் எழுதுங்கம்மா" என்றார் மேனேஜர். பொல்லாத ஆள் இல்லை. "நானும் மேல பதில் சொல்லணும்ல? இதுல தேறலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"தாராளமா பாருங்க சார். நான் பாத்த பக்கத்துல பிழை இருக்காது" என்றார் கணவர்.

இரண்டாம் வாக்கியத்தில் விரல் நின்றது, எழுதினாள். மூன்றாவதில் அஃபெக்ட் வரவேண்டும், எஃபெக்ட் இருந்தது. விரல் நிற்கவில்லை. ஐந்தாவதிலும் அதே கதை. கடவுளே, திரும்பிப் பாருங்களேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். விரல் ஏழுக்குப் போய்விட்டது.

மேனேஜரின் போன் அடித்தது. அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்ப் பேசினார். வேறு வழி தெரியவில்லை. அவள் மூன்றையும் ஐந்தையும் கிடுகிடுவென்று திருத்தினாள்.

விரல் அசையாமல் நின்றது. அவர் அவள் பக்கம் திரும்பினார். கோபம் வந்தால் ஊரைக் கூட்டுகிற மனிதர். இப்போது ஒரு வார்த்தை சத்தமாகச் சொன்னால் எல்லாம் முடிந்தது.

"அங்க நான் நிக்கலியே" என்றார், தாழ்ந்த குரலில்.

"உங்க நோட்டுல அப்படித்தான் எழுதியிருக்கீங்க."

அவள் திருத்திய இரண்டு சொற்களையும் அவர் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்பலேருந்து?"

"மொதல்லேருந்து."

போனை வைத்துவிட்டு மேனேஜர் வந்து உட்கார்ந்தார். "என்ன சார், எதுவரைக்கும் வந்தாச்சு?"

விரல் எட்டாம் வாக்கியத்தின் முதல் சொல்லுக்கடியில் போய் நின்றது. பேனா அசையவில்லை என்று தெரிந்ததும் அடுத்த சொல்லுக்குப் போனது. அங்கேயும் நின்றது. அதற்கடுத்த சொல்லிலும் அவளுக்காகக் காத்து நின்றது.